வரப்போரத் தைலமரம்

தம்பிக்கு,

நீ என்னோடு பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

சொத்துப் பிரிக்கையில், “பொட்டச்சிக்கு இன்னாத்துக்கு நெலம்? என் கெணத்தோரம் ஒரு துண்டு கீது, வெச்சிக்கோ” என்றாய். வைத்துக்கொண்டு தைலமரம் நட்டேன். உன் கிணறு வற்ற ஆரம்பித்தது.

நான் மறைமலைநகரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தனையையும் வெட்டிவிட்டாய். வேரைத் தோண்டாமல் தைலமரத்தை வெட்டுவார்களா? ஒன்று நின்ற இடத்தில் இப்போது நாலு துளிர்த்து நிற்கிறது. எல்லாம் உன் கைராசி.

நேற்று உன் பெரிய மகள் குடத்தோடு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். “ஒங்கப்பன்கிட்ட பங்கு கேளும்மா. கெணத்துக்கு அந்தாண்ட பக்கமா கேளு. தைலமரக் கன்னு நான் தரேன்” என்றேன்.

“எத்தினி கன்னு தருவ, அத்த?” என்று கேட்டாள்.

உன் கூடப்பிறந்தவள்