இனியா அனுப்பிய மாத்திரை

திருவண்ணாமலை
ஆகஸ்ட் 2003

அன்புத் தங்கை இனியா,

நீ அனுப்பிய மாத்திரை வந்து சேர்ந்தது. அதை உன் மாமாவுக்குக் கொடுக்கவில்லை. கோபப்படாதே.

உடம்பில் வீக்கத்தை உண்டாக்கும் ஒரு என்சைம்தான் அவர் மூளையில் இருக்கும் கட்டிக்கும் தீனி போடுகிறது, அதை அடக்கினால் கட்டி வளர்வது கம்மியாகலாம் என்று நீ போனில் சொன்னதை அப்படியே வேலூர் டாக்டரிடம் சொன்னேன். மாத்திரையை வாங்கிப் பார்த்தார்.

"மூட்டுவலிக்குக் குடுக்கறதுதாம்மா இது. எலிங்களுக்குக் கட்டி சுருங்கியிருக்கு, மனுஷங்களுக்குச் சுருங்கும்னு இன்னும் யாரும் நிச்சயமா சொல்லல. இவருக்கு வயித்துல புண்ணு வேற இருக்கு. ரத்தம் கசியும், வேணாம்."

திரும்பும்போது மாமா செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "இனியா மருந்து கண்டுபிடிச்சிடுவாளா?"

"கண்டுபிடிச்சிடுவா."

"அவள அவசரப்படுத்தாத. எனக்காகன்னு கணக்க தப்பா போட்டுடப் போறா. லேட்டானா பரவால்ல, விடை சரியா வரணும்."

அதனால் உன் ஆராய்ச்சியை விடாதே. ஆனால் இந்த வாரம் லீவு போட்டுவிட்டு வா. மருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம், அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திரு. உன்னை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நேற்று தண்ணீர் கொடுத்தபோது, "நீங்க யாருங்க?" என்று என்னைக் கேட்டார்.

உன் அக்கா