அறிவிப்பு அறையில் என் நாற்காலி

அன்புக் கண்ணுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் நலம். என் தொண்டையை மட்டும் நீ தனியாக நலம் விசாரிக்க வேண்டும், அதற்கு வீட்டில் இப்போது அவ்வளவு மரியாதை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு தூங்காமல், சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அப்பா என்னைப் பற்றி "பரவால்ல" என்ற ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார், அதைக் கேட்டு மிரண்டுபோய் நீ வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வருவதாகச் சொன்னாயாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை முழுதும் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைக் கட்டு.

கழுத்துக் கட்டியை எடுத்த டாக்டர், அது கெட்ட கட்டி இல்லை, ஆனால் குரல் நரம்பு ஒன்று அசந்து தூங்குகிறது, முழித்தாலும் முழிக்கும், முழிக்காமலும் போகலாம் என்றார். "கொஞ்ச நாள் பேசாம இருங்கம்மா, அதுவே மருந்து" என்று அவர் சொன்னபோது உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ! கல்யாணம் ஆன நாளாய்க் கேட்ட வரம் கிடைத்த மாதிரி ஒரு நொடி மலர்ந்தது, அப்புறம்தான் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பது நினைவுக்கு வந்து தொங்கிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைத் திறந்தால் வெறும் காற்று. பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துப் பிழைக்கிறவளுக்குக் குரல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி பாத்ரூமில் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாயைத் திறந்திருக்கவே வேண்டாம், சத்தம் இருந்தால்தானே கேட்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பில் என் மாமியார். ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழாயை விட்டு, முனகிக்கொண்டே ஊதச் சொன்னாள். காலையும் மாலையும் எருமை குட்டையில் மூச்சு விடுகிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தேன். எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிற சத்தம் கேட்கிறதே என்று மாடி வீட்டு அம்மா கீழே இறங்கி வந்து குழாயையெல்லாம் பார்த்துவிட்டுப் போனாள். முனகல் மட்டும் வரவே இல்லை. விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றும் நாளில், கேட்காமலே டம்ளரை நிரப்பி என் முன்னால் வைத்துவிட்டு உன் அப்பா பட்டறைக்கு மோட்டார் காயில் சுற்றப் போய்விடுவார்.

அங்கே ஸ்டாண்டில் நடந்த கூத்தைக் கேள். மேலாளர் பொல்லாதவர் இல்லை, மாசக் கடைசி வரை பார்ப்போம், அதற்குள் வராவிட்டால் பதிவு செய்த குரலில் மெஷினே பேசட்டும் என்று வாங்கியும் வைத்துவிட்டார். என் நாற்காலி போய்விடக் கூடாதென்று நம் ஆட்கள் தங்கள் வேலை முடிந்த பிறகு முறை வைத்து மைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். டைம் கீப்பர் சொன்னால் ஒவ்வொரு வண்டியும் சாவு செய்தி மாதிரி இருந்ததாம். நம் விசில் கண்டக்டர் இருக்கிறானே, அவன் ஒரு நாள் அழகாக ஊர் பேர், நிற்கிற இடம் எல்லாம் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் கடைசியாக "ரைட், போலாம்!" என்று மைக்கிலேயே கத்திவிட்டான். நின்ற வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன! பாதி ஜனம் உள்ளே, பாதி ஜனம் பின்னால் ஓட்டம், ஒரு டிரைவர் டீ கிளாஸோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். மேலாளர் நாளைக்கே மெஷினை மாட்டு என்று குதிக்க, விசில் அவர் முன்னால் போய், "திட்டுறத என்னைத் திட்டுங்க சார், அக்கா சீட்ட மட்டும் விட்டுருங்க" என்றானாம். அவனை நான் எத்தனை தடவை மைக்கிலேயே கிண்டல் செய்திருக்கிறேன், தெரியுமா?

குரல் எப்படி வந்தது என்கிறாயா? உன் சித்தி போன் செய்தாள். மாடி வீட்டு அம்மா புதுப் பல்செட் கட்டிக்கொண்டு, அதைக் காட்டுவதற்காகத் துக்க வீட்டில்கூடச் சிரித்த கதையை அவளிடம் சொல்லச் சொல்லி, போனைப் பிடித்திருந்த உன் அப்பாவுக்கு நான் கை, கால், கண் எல்லாவற்றாலும் விலாவாரியாக நடித்துக் காட்டினேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "மாடி வீட்டுல நல்லா இருக்காங்களாம்" என்று முடித்தார். "என்ன மாமா, அக்கா சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று சித்தி கெஞ்ச, அந்த மனுஷன் கதவைச் சாத்திவிட்டு, இடுப்பில் கை வைத்து, என்னைப் போலவே கழுத்தை வெட்டி, "அடியே, சேதி கேட்டியா?" என்று ஆரம்பித்தார் பார்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தமும். அவர் அப்படியே நின்றுவிட்டார். போனை என் வாய்ப்பக்கம் நீட்டி, "இன்னொரு தடவ சிரி" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை கண்ணு, வேறுதான் வந்தது. சித்தி மட்டும் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசியில் போய் உட்கார்ந்தேன். பழைய குரல் இல்லை, வாளியைத் தரையில் இழுக்கிற குரல்தான். முதல் அறிவிப்பைச் சொல்லி முடிக்கும்போது மேலாளர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது மூட்டையோடு ஒரு பெரியவர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, பழைய அம்மாவை மாற்றிவிட்டீர்களா என்றார். நான்தாங்க அது என்று சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. அவரே, "மாத்துனது நல்லதாப் போச்சு. அந்தம்மா பாட்டு மாதிரி இழுக்கும், கேட்டுக்கிட்டே நின்னு வண்டிய விட்டுருவோம். இது நல்லா வெளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெஷின் பெட்டி பிரிக்காமலே என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது, கால் வைத்துக்கொள்ள ரொம்ப வசதி.

ஆகவே நீ வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். என்னைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வாயடைத்துப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கடனை நன்றி என்று ஒரு வார்த்தையில் அடைக்க முடியாது. நன்றி என்று சொன்னால் அந்த விசில் கண்டக்டர் என்னை அடிக்க வருகிறான். நீயும் அங்கே யாராவது உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நிரப்பி வைத்தால் கவனித்து வைத்துக்கொள். நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீடூழி இரு என் தங்கமே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், நானே எடுப்பேன். மூச்சுக்கு நாலு வார்த்தைதான் வரும், நடுவில் புகுந்து அழுது அதைக் கெடுத்துவிடாதே.

இப்படிக்கு,
குரல் குறைந்தாலும் வாய் குறையாத உன் அம்மா
(பக்கத்தில் அப்பாவும் இருக்கிறார். என்ன எழுத என்று கேட்டேன். பரவால்ல என்கிறார்.)