அக்கா என்று எழுதிய நாமினி

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

அங்கேயும் யாரையாவது வரிசையில் ஒழுங்காக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். நேற்று மறுபடியும் பேங்குக்குப் போனேன், தனியாக.

பதினோரு வருஷம் நம் பள்ளி ஆபீஸில் ஊரார் பிள்ளைகளுக்கு ஃபீஸ் ரசீது எழுதினேன். என் சம்பளத்தை ஒரு தடவைகூட நான் எடுத்ததில்லை. அது என் வீட்டுக்காரரோடு சேர்ந்த கணக்கில் விழும். ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையில். பக்கத்து மேஜையில் இருந்த உங்களுக்கு இது தெரியவந்த அன்று, "ஏன்டி பர்வீன், பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கிட்டு வந்துதான் ஊர் ஃபீஸை எண்ணி வைக்கிறியா?" என்று சிரித்தீர்கள். நான் அழுததும் நீங்களும் அழுதீர்கள்.

மணவிலக்கு கேட்டு ஜமாத்தில் எழுதிக் கொடுத்தபோது, கூடப்பிறந்த அண்ணனே "அனுசரிச்சுப் போ" என்றார். என் மகள் ரிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து தாம்பரத்துக்கு, நீங்களும் உங்கள் மகள் ஜெனியும் இருந்த அந்த இரண்டு ரூம் வீட்டுக்குத்தான் வந்தேன். "மொதல்ல சம்பளத்தை உன் கைக்கு மாத்து. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்" என்று பேங்குக்கு இழுத்துப் போனீர்கள்.

ஃபாரத்தில் நாமினி என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. "என் பேரை எழுது" என்றீர்கள். கவுன்டரில் இருந்த சார் இரண்டு பெயரையும் பார்த்தார்.

"பர்வீன், ஸ்டெல்லா... என்ன உறவும்மா?"

"அக்கா சார்" என்றீர்கள்.

"கூடப் பொறந்தவங்களா?"

"போன வாரந்தான் பொறந்தா. எழுதிக்குங்க சார்."

நான் பண்ணிய கூத்துதான் பெரிய கூத்து. விலாசம் என்று கண்டதும் கை பழக்கதோஷத்தில் கீழ்க்கட்டளை வீட்டை எழுதிவிட்டது. புதுக் கார்டு தபாலில் நேராக என் வீட்டுக்காரரிடமே போய்ச் சேர்ந்தது. ஃபோன் வந்தது. "என்னா, தனி அக்கவுண்ட்டா? கார்டு இங்கதான் இருக்கு. வந்து கேட்டு வாங்கிக்கோ."

சம்பளத்துக்கு நாலு நாள்தான். போய்க் கேட்டுவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். நீங்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். "கேட்டா தருவான். அப்புறம் ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டே இருப்ப. பேங்குக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்து." கூட வரவும் மாட்டேன் என்றீர்கள். எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா உங்கள் மேல்? தனியாகப் போனேன். கார்டை நிறுத்தினேன், விலாசத்தை மாற்றினேன். மறு கார்டு உங்கள் வீட்டுக்கு வந்தது.

முதன்முதலாக நானே எடுத்த பணத்தில் கோவளம் போய் மீன் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பேரம் தாங்காமல் மீன்கார அம்மா, "சும்மாவே எடுத்துகினு போக்கா, ஆளை வுடு" என்றது.

அதற்கப்புறம் மூன்றே மாதம். நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். ஆட்டோ பிடித்தேன். நானே ஏடிஎம்மில் எடுத்து ஆஸ்பத்திரியில் கட்டினேன், யாரையும் கேட்கவில்லை. கையில் பணம் இருந்தது அக்கா. நீங்கள்தான் இல்லாமல் போய்விட்டீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மணவிலக்கு முடிந்தது. சேலையூரில் ஒரு போர்ஷன் பிடித்திருக்கிறேன். அட்வான்ஸ் என் செக். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், ஆனால் கதவுச் சாவி என் பையில்.

நேற்று நாமினி மாற்றத்தான் போனேன். அதே சார். "அந்தக்கா வரலையாம்மா?" என்றார். சொன்னேன். ஃபாரத்தை நீட்டினார். ரிஸ்வானா பெயரை எழுதினேன். அவள் மைனர் என்பதால் பெரியவர் ஒருவர் பெயரும் வேண்டுமாம். ஜெனி பெயரை எழுதினேன்.

"இவங்க என்ன உறவு?"

"அக்கா பொண்ணு."

இந்தத் தடவை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ரிஸ்வானா முதல் சம்பளம் வாங்கும் அன்று அவளுடைய கார்டு அவளுடைய பையில்தான் இருக்கும். என்னிடம் நீட்டினால் நானே வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

பேங்க் ஃபாரத்தில் எழுதியபடி,
உங்கள் தங்கை
பர்வீன்