ஆயில் ஏன் கறுத்திருந்தது, அக்கா?

என் தங்கமான அக்காவுக்கு,

போன வாரம் உன் எடிசன் ஊரில் முதல் பனி. ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையில் பார்த்தால் உன் வீட்டு டிரைவ்வே எது, ரோடு எது என்றே தெரியவில்லை. தீபாவளி முடிந்த கையோடு நான் டாலஸிலிருந்து இங்கே வந்துவிட்டேன். நீ இல்லாத வீட்டில் அத்தான் எப்படி இருக்கிறாரோ என்ற கவலைதான். உன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன்.

"பனி அள்ள ஆள் கூப்பிடலாமா அத்தான்?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கிறார்.

சரி, பனியை வாரித் தள்ளுகிற உன் ஸ்னோ ப்ளோவரை எடுத்துப் பார்ப்போம் என்று கராஜுக்குப் போனேன். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டதை நீ வாங்கிவந்து, கழற்றிப் போட்டுச் சரிசெய்தாயே, அதே கிழட்டு மெஷின். பேங்க்கில் வேலை பார்த்தவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ இந்த ஆசை! அத்தான் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடமாட்டார். பனி விழுந்தால் நீ வெளியே மெஷினோடு, அவர் உள்ளே காபியோடு.

கயிற்றை இழுத்து இழுத்து எனக்குத் தோள் விட்டுப்போச்சு. கடைசியில் இருமிக்கொண்டே கிளம்பியது. ஒரே நீலப் புகை. பயந்து நிறுத்திவிட்டேன். அப்புறம் ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு, அதில் சொன்னபடி ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, துணியில் துடைத்தேன். தார் மாதிரி கறுப்பு. அதுவும் நுனியில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பனிக்காலம் முடிந்ததும் நீ ஆயில் மாற்றினாயே! அன்றைக்கு நான் ஃபோன் பண்ணினபோது, "கையெல்லாம் ஆயில்டி. இப்பதான் புதுசு ஊத்தினேன், தேன் மாதிரி இருக்கு. அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். அதற்கப்புறம் பனி விழவில்லை. வெயில் வருவதற்குள் நீயும் போய்விட்டாய். நெஞ்சு வலிக்குது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவே இல்லை.

தண்ணீர் இறங்கியிருந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும் என்றது வீடியோ. வெளுக்கவில்லை. பெட்ரோல் கலந்திருந்தால் அளவு ஏறி, அந்த வாடை அடிக்கும். மோந்து பார்த்தேன். கருகல் வாடைதான் வந்தது. அப்படியானால் மெஷின் ஓடியிருக்கிறது. கொஞ்ச நஞ்சமில்லை, மணிக்கணக்கில். பனியே இல்லாத மாசங்களில் இதை யார் ஓட்டினது?

துணியும் கையுமாக உள்ளே போனேன்.

"அத்தான், ஸ்னோ ப்ளோவரை யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லையே."

"ஆயில் இப்படிக் கறுத்துப் போயிருக்கு. ரொம்ப ஓடியிருக்கும் போல."

அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் சுதா" என்றார். "சாயங்காலமானா வீட்ல ஒரு சத்தம் இருக்காது. தாங்க முடியல. அதை ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள வந்து உக்காந்துப்பேன். உங்கக்கா வெளியில வேலையா இருக்கா, இப்ப வந்துடுவான்னு தோணும்."

மூடிய கராஜில் அந்தப் புகை விஷம் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

"கதவைத் திறந்து வெச்சுத்தானே அத்தான்?"

"திறந்துதான் வெச்சேன்." என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்தார். "ஒரு நாள் மட்டும் அங்கேயே உக்காந்துட்டேன். கதவை மூடினேன். அப்புறம் பயமா இருந்துது. திறந்துட்டேன்."

அவரைத் திறக்கவைத்தது பயம்தானா அக்கா, இல்லை நீயா? இத்தனை மாசம் ஃபோனில் "நல்லாருக்கேன் சுதா" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்தக் குரலில் எனக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் காரியத்தன்றுகூட அழாத மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் அவரே எழுந்து, "இந்த ஆயிலை மாத்திடலாம். பார்த்தா திட்டுவா" என்றார். நீ வாங்கிவைத்த புது ஆயில் ஷெல்ஃபில் இருந்தது. ரெண்டு பேரும் கராஜ் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, பழசைத் தட்டில் வடித்துவிட்டுப் புதுசை ஊற்றினோம். கொஞ்சம் தரையில் சிந்திவிட்டார். சிந்தட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மெஷினைப் பனியில் தள்ளிக்கொண்டு போனவர் அவர்தான், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. கோணல்மாணலாக ஒரு பாதை போட்டார்.

அடுத்த நாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "நீயும் உள்ள வா" என்றார். அந்த ஒரு நாளைப் பற்றி மறைக்காமல் சொன்னார். இனி வாராவாரம் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்ப் பேசவேண்டும். நான்தான் கார் ஓட்டிக் கூட்டிப்போவேன்.

உன்னை இழந்த துக்கம் அவருக்கு ஆறாது அக்கா. எனக்கும் ஆறாது. ஆனால் அவரைத் தனியாக விடமாட்டேன், இது உன்மேல் சத்தியம். டாலஸுக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வந்தால் மாடி ரூம் அவருக்கு. வரமாட்டேன் என்றால் நாங்கள் இங்கே வந்துவிடுவோம். என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டார்.

உன் கையைப் பிடித்து நடை பழகிய,
உன் தங்கச்சி,
சுதா