சிரிப்புக்கு விட்ட இடம்

அன்புள்ள அப்பா,

சேலையை இரண்டு முறை அலசியும் நனைந்த கீற்று வாடை போகவில்லை. நேற்று சாணார்பட்டி சினிமாக் கொட்டகைக்கு முதல் ஆட்டம் பார்க்கப் போனேன். நல்ல மழை. மொத்தமே பத்துப் பேர்தான். பெரிய படத்துக்கு முன்னால் உங்கள் சிரிப்புப் படத்தைப் போட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து, ஏணியும் கையுமாக நடந்து வந்தீர்கள்.

படங்கள் பேச ஆரம்பித்த புதிதில், நான் பிறக்கும் முன்பு, பட்டணம் போய் நீங்கள் நடித்த ஒரே படம். பத்து நிமிடம் ஓடும். நீங்கள் வெள்ளையடிக்கிறவர், ஏணியிலிருந்து விழ வேண்டும், அவ்வளவுதான். அந்த டைரக்டரைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! "அவரு கேமராவ அசைக்கவே மாட்டாரும்மா. விழுந்தவன விழுந்த எடத்துலயே காட்டிக்கிட்டு இருப்பாரு. சனம் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

எனக்குப் பதிமூன்று வயதில் இதே கொட்டகையில்தான் அதைப் பார்த்தோம். நீங்கள் விழுந்ததும் கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத் தோழி, "ஏடி, அது ஒங்கப்பாதான?" என்றாள்.

"இல்லடி, யாரோ" என்றேன்.

தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தீர்கள். காதில் விழாமல் இருந்திருக்காது. வீட்டுக்கு வரும் வழியில், இடது காலை இழுத்துக்கொண்டே, "நல்லா சிரிச்சாங்கள்ல?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் வேகமாக முன்னால் நடந்தேன். பஸ்ஸிலிருந்து விழுந்ததில் போன கால் என்றுதான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தீர்கள்.

நேற்று சிரிக்க ஆள் இல்லை. டைரக்டர் சிரிப்புக்கு விட்ட இடம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் சன்னமாக ஒரு குரல்: "அம்மா." நடிப்புக் குரல் இல்லை, அப்பா. காலையில் பாயை விட்டு எழுந்து காலை ஊன்றும்போது தினமும் உங்களிடமிருந்து வந்த அதே குரல். பஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்த ஏணிதான் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைய சிரிப்பில் அது யாருக்கும் கேட்டிருக்காது. நான் சொன்னது மட்டும் உங்களுக்குக் கேட்டுவிட்டது.

"யாருக்கா அந்தாளு? நெசமாவே விழுந்த மாதிரில்ல இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கப்பா" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். அன்று நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈர மணல்தான் இருந்தது.

என்ன செய்ய, அப்பா. அந்த 'யாரோ' இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.