நெத்தலியாற்றங்கரையில் எனக்கொரு கொட்டில்

21.01.2025 செவ்வாய்

காலையிலேயே பின் சில்லு காற்றுப் போய்விட்டது. வான் ரயரையே தனியாக மாற்றினவளுக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டத் தெரியாதா? தெரியும். ஒட்டுகிற பசையை எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை. வானைத் தலைகீழாக்கிவிட்டேன். கடைசியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் கிடந்தது. இந்த வானுக்குள் படுக்கை, அடுப்பு, உடுப்புப் பெட்டி, சைக்கிள், இவ்வளவுதான் என் வீடு. இதற்குள்ளும் சாமான் தொலைக்க எனக்கு இடம் கிடைக்கிறது.

தர்மபுரத்தில், நெத்தலியாற்றுக் கரையில், ஒரு பெரிய மருத மரத்துக்குக் கீழே வானை நிறுத்தியிருக்கிறேன். பக்கத்து வயல் வீரகத்தி அண்ணையுடையது. கொஞ்ச நாள் நிற்கலாமா என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் ஓம் என்றுவிட்டார். நல்ல மனுசன்.

சாரங்கா பின்னேரம் போன் எடுத்தாள். சாப்பிட்டியளோ, கதவைப் பூட்டினியளோ, பாம்பு பூச்சி இருக்கோ. மகளா, பொலிசா?

22.01 புதன்

ஒட்டின ரியூப்பில் காற்று நிற்கிறது. ஆறும் ஓடுகிறது. வேறென்ன வேணும்?

24.01 வெள்ளி

இன்றைக்கு ஆற்றோடு மேலே போனேன். மணல் ஏற்றுகிற உழவு மெசின்கள் பாதையைக் கிண்டி வைத்திருக்கின்றன. அதைத் தாண்டிவிட்டால் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கம் கதிர் முற்றின வயல். மருத வேர்களுக்கு மேலால் சைக்கிள் தடதடவென்று போனது. முதுகு நொந்தது, ஆனால் இறங்க மனமில்லை. ஒரு மீன்கொத்தி முன்னுக்குப் பறந்து, நான் கிட்டப் போனதும் அடுத்த கொப்புக்குப் போய், திரும்பவும் காத்திருந்தது. அதோடு கொஞ்ச நேரம் போட்டி போட்டேன். ஐம்பத்தேழு வயதில்! பார்த்தவர்கள் இல்லை, நல்ல காலம்.

பள்ளிக்கூட வான் ஓடின காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் இந்த ஆற்றுப் பாலத்தைக் கடந்தேன். ஒருநாளாவது கீழே பார்த்தேனா? பின்னால் ஒரு பிள்ளை சத்தி எடுக்கும், ஒன்று தண்ணிப் போத்தலை விட்டுவிட்டு வந்திருக்கும், ஒன்று மற்றதைக் கடிக்கும். இந்த ஆறு எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கவேணும் என்று மட்டும் மனதுக்குள் ஒரு மூலையில் கிடந்தது. இவர், சாரங்காவின் அப்பா, உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, சில்லுக்குக் காற்றும் அடித்துத் தந்திருப்பார்.

திரும்பி வர வீரகத்தி அண்ணையின் மனைவி ஜெயரூபி குளிக்க வந்து நின்றா. வானுக்குள் எட்டிப் பார்த்தா. வீடு எங்கே என்று கேட்டா. பரந்தனில் நல்ல கல்வீடு இருந்தது, மகள் கலியாணம் கட்டேக்க சீதனமா எழுதிக் குடுத்திட்டன் எண்டன். பெருமையாகத்தான் சொன்னேன். தனியாக உழைத்துக் கட்டின வீடல்லவா. அவா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. பாசமான சனம்.

27.01 திங்கள்

ஜெயரூபி காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தா. மத்தியானம் வேறு வீட்டிலிருந்து ஆற்றுமீன் குழம்பு. பின்னேரம் இன்னொரு வீட்டிலிருந்து பால். என் அடுப்புக்கு இன்றைக்கு விடுமுறை. இந்த ஊரில் விருந்தாளியை இப்படியும் பார்ப்பார்களா? உடம்பு வைத்தால் சைக்கிள் தாங்காதே.

30.01 வியாழன்

திரும்பவும் சாப்பாடு. கொண்டுவந்த பெண் போகும்போது கண்ணைத் துடைத்தாள். புகை பட்டதோ என்னவோ. ஆனால் நான் அடுப்பே மூட்டவில்லையே.

02.02 ஞாயிறு

இன்றைக்கு எழுத்துக் கோணலாக வருகிறது.

விடியப் போய், கண்டாவளைப் பக்கம் சுற்றி, மத்தியானம் திரும்பினேன். மருத மரத்தடியில் ஆட்கள். நாலு மூலைக்கும் கப்பு நட்டாயிற்று. கூரைக்குக் காட்டுத்தடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூரை வேயக் கிடுகு சுமந்து வந்தார்கள். ஒரு பக்கத்தில் கிடாரத்தில் தேத்தண்ணி. ஊர் கூடிச் சிரமதானம்! யாருக்கு அண்ணை கொட்டில் என்று கேட்டேன். வீரகத்தி அண்ணை தலையில் கட்டின துவாயை அவிழ்த்தார்.

"உங்களுக்குத்தான் தங்கச்சி. நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ கிடந்த சனம். ஒரு தாய் வானுக்குள்ள கிடக்கிறதைப் பாத்துக்கொண்டு எங்களால சோறு தின்னேலாது."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இடியப்பம், பால், கண்ணீர், எல்லாம். சீதனமாக வீட்டை எழுதினாள், மகள் எடுத்துக்கொண்டு தாயைக் கலைத்துவிட்டாள். இதுதான் ஊரின் கணக்கு. நானும் ஒவ்வொரு கோப்பையாக நக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன், விசரி!

இல்லை அண்ணை, நானாக வந்தனான், எனக்கு ஆறு பாக்க ஆசை, மகள் சாரங்கா தங்கமான பிள்ளை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயரூபி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னா, தாயெண்டா பிள்ளையை விட்டுக்குடுக்குமோ அக்கா என்று. சொல்லச் சொல்ல அவர்களுக்கு நான் இன்னும் நல்ல தாயானேன், சாரங்கா இன்னும் கெட்ட மகளானாள்.

03.02 திங்கள்

சாரங்கா வங்கியில் வேலை செய்கிறாள். இன்றைக்கு இந்தப் பக்கத்து மனுசி ஒருத்தி கவுண்டருக்கு வந்து, அவளுடைய பெயரை வாசித்துவிட்டு, நீதானோ பிள்ளை தாயைத் தெருவில விட்டனி என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறா. பிள்ளை கழிவறைக்குள் போய் நின்று அழுதிருக்கிறாள். அங்கேயிருந்துதான் எனக்குப் போன்.

"அம்மா, நான் உங்களைக் கலைச்சனானோ? சொல்லுங்கோ. கலைச்சனானோ?"

இல்லையடி குஞ்சு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அவள் இண்டைக்கே வீட்ட வாங்கோ, வானை வித்துப்போடுங்கோ, ஊர் சிரிக்குது என்றதும் எனக்கு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. "வீட்டைத்தான் எழுதித் தந்தனான், என்னை எழுதித் தரேல்ல" எண்டிட்டன்.

போன் வைத்துவிட்டாள்.

ஏன் இந்த வாய்? எப்பவும் பிழையான நேரத்திலதான் திறக்கும்.

04.02 செவ்வாய்

போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. சைக்கிளும் எடுக்கவில்லை.

06.02 வியாழன்

ரஜிதன் எடுத்தார், மருமகன். சாரங்கா சாப்பிடுகிறாள் இல்லையாம். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கதவைப் பூட்டுகிறாளாம். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மாமி, உங்களுக்கு எது சந்தோசமோ அதைச் செய்யுங்கோ என்றார். அப்படிச் சொன்னதுதான் எனக்குக் கூடக் குத்தியது.

முடிவெடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன். ஆறு எங்கேயும் ஓடிவிடாது. ஓடும்தான், ஆனால் இருக்கும். என் பிள்ளையின் பெயரை ஊர் வாயில் போட்டு மிதிக்க விட்டுவிட்டு எனக்கு எந்தக் கரையில் சைக்கிள் ஓடும்? சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். வானை ரஜிதன் ஓட்டட்டும். எனக்கு ஏலாது, அழுகை வரும், கண் தெரியாது.

கொட்டிலுக்குக் கூரை வேய்ந்து முடித்துவிட்டார்கள். மண் நிலம் மெழுகியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவும் அழுகைதான் வருகிறது.

08.02 சனி

நடந்ததை நடந்தபடி எழுதவேணும்.

பின்னேரம்தான் வருவார்கள் என்று நினைத்து விடியக் கடைசியாக ஒருமுறை போனேன். பனி. ஆற்றுக்கு மேலால் புகை மாதிரி எழும்பியது. மீன்கொத்தியோடு போட்டி போட்ட வேர்ப்பாதை, மணல் திட்டு, நாரைகள் நிற்கிற வளைவு, எல்லாவற்றுக்கும் போயிட்டு வாறன் என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். வரும்போது பாட்டும் வந்தது. எனக்குக் குரல் கிடையாது, மாட்டுக்குக் கூடப் பிடிக்காது. என்றாலும் பாடினேன், தொண்டை கிழிய.

மருதடிக்கு வர, கரையில் சாரங்கா நின்றாள். ரஜிதன் பின்னால். விடியவே வந்துவிட்டார்களாம். நான் சைக்கிளால் இறங்கினேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா போனாப் பிறகு நீங்கள் பாடி நான் கேக்கேல்லையம்மா," என்றாள்.

நான் சொன்னது பிழை குஞ்சு, அண்டைக்குப் போனில சொன்னது, என்றேன். பிழையில்லை, ஆனா நொந்தது, என்றாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வான் முன் சீற்றில் இருந்து என்னோடு வருவாளே, அந்த முகம். கட்டிப் பிடித்தேன். வேர்வை மணக்குது அம்மா என்று சொல்லிக்கொண்டே விடாமல் நின்றாள்.

இதற்குள் ஊர் கூடிவிட்டது. யார் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத முகங்கள். ஜெயரூபி மட்டும் எனக்குக் காவல் மாதிரி பக்கத்தில் வந்து நின்றா. சாரங்கா கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். கிடுகைத் தொட்டாள். நிலத்தைத் தொட்டாள். இவள் கோபத்தில் என்ன சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன். வீரகத்தி அண்ணைக்கு முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"ஐயா, நான் அவாவைக் கலைக்கேல்ல. ஆனா ஆரும் கலைச்சிருந்தா, நீங்கள் அவாவுக்கு இருந்திருப்பியள். இனி எனக்கு ராவில நித்திரை வரும்."

வீரகத்தி அண்ணை துவாயால் முகத்தைத் துடைத்தார். நான் சொல்லி நம்பாத சனம் இவள் சொல்லி நம்பியது. நம்பினதற்குக் காரணம் அவளுடைய பேச்சோ, இல்லை அதற்குப் பிறகு என்னைச் சைக்கிள் எடுக்கச் சொல்லி, பின் கரியரில் ஏறி இருந்து, வளைவு வரைக்கும் கத்திக்கொண்டு வந்ததோ, தெரியாது. பள்ளம் வரும்போதெல்லாம் என் இடுப்பை நெரித்தாள். நல்ல பாரம். சொல்லவில்லை.

வளைவில் இறங்கி நாரைகளைப் பார்த்தோம். வீட்டுக்குப் போவம் என்று நான்தான் தொடங்கினேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி, உங்களுக்கு அடுத்தது எந்த ஆறு என்று கேட்டாள்.

09.02 ஞாயிறு

கட்டின கொட்டிலில் பால் காய்ச்சாமல் போகக்கூடாது என்று ஜெயரூபி ஒரே பிடி. சாரங்காவே அடுப்பு மூட்டினாள். வங்கிக்காரிக்கு விறகு பற்றவைக்கத் தெரியாது. ஊதி ஊதி முகமெல்லாம் சாம்பல். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, பெண்கள் குரவை போட்டார்கள். எல்லோரும் ஒவ்வொரு மிடறு குடித்தோம்.

கொட்டில் இனிக் குளிக்க வருகிற பெண்கள் உடுப்பு மாற்றுகிற இடம். இவ்வளவு காலமும் பற்றைக்குப் பின்னால்தானாம். நல்ல தட்டி ஒன்று கட்டவேணும் என்று பெண்கள் இப்போதே சண்டை. சாப்பாடு தந்த வீடெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டில் திரும்பவும் மீன் குழம்பு தந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

20.02 வியாழன்

அடுத்த ஆறு தேடி ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தேன். பேராறு இன்னும் நல்லாக ஓடுகிறது. வானை ஒரு வளவின் வேலியோரம் நிறுத்தித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். வளவுக்காரி வந்தா, வினோஜா என்று பெயர், என் வயதிருக்கும். வானுக்குள் எட்டிப் பார்த்தா. தனியவோ அக்கா? வீடு வாசல் இல்லையோ? பிள்ளையள் பாக்கிறேல்லையோ?

சீதனக் கதையை நான் வாயிலும் எடுக்கவில்லை. சாரங்காவுக்குப் போன் அடித்து, இந்தா, இவாவோட கதை என்று அப்படியே அவாவின் கையில் கொடுத்துவிட்டேன். போனில் பிள்ளையின் குரல் எனக்கும் கேட்டது.

"ஓம் அன்ரி, என்ர அம்மாதான். வீடும் இருக்கு, அறையும் இருக்கு, மகளும் இருக்கிறன். அவாவுக்கு ஆறுதான் வேணுமாம். வெள்ளனவே சைக்கிளில போவா, பாட்டுக் கேக்கும், பயப்பிடாதேங்கோ."

வினோஜா போனைத் திருப்பித் தந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு இடக்கரைப் பாதையால் போகவேண்டாம், அங்கே யானை இறங்குகிறது, வலக்கரைதான் நல்லது என்றா. நாளைக்கு வலக்கரை.