மழித்த மீசை

மாசி 9, திங்கள்

மலர்ச்சாலையில் பதினொரு வருடமாக, இறந்தவர்களைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கும் வேலை செய்கிறேன். இப்படியொரு பிழை விட்டதில்லை.

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனவரை லொறி அடித்துவிட்டது. மேலுதடு கிழிந்திருந்தது. தைப்பதற்காக, வீட்டாரைக் கேட்காமல், மீசையை மழித்துவிட்டேன். தையல் தெரியவில்லை என்று எனக்குத் திருப்தி வேறு.

பின்னேரம் அவருடைய மனைவி தமையனோடு வந்து பெட்டிக்குள் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது.

"உது அவர் இல்லை. ஆரோ வேறை ஆள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"அண்ணை, வாங்கோ வீட்டை போவம். அவர் தேத்தண்ணிக்கு வந்திடுவார்."

தமையன் தலையைக் குனிந்துகொண்டார். வாசல்வரை போய்விட்ட அந்த அம்மாவை நான்தான் கூப்பிட்டேன். குளிப்பாட்டும்போது பெருவிரலில் மண்வெட்டி வெட்டிய பழைய தழும்பைக் கண்டிருந்தேன். வெள்ளைத் துணியை விலக்கி, அந்தக் கையை எடுத்துக் காட்டினேன்.

அந்த விரலை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் போகத்தானே வெளிக்கிட்டனான், தம்பி. ஏன் காட்டினனீங்கள்?"

நாளைக் காலை அவர்கள் வீட்டுக்குப் பெட்டியை மூடவும் நான்தான் போகவேண்டும். கடவுளே, முதலாளி வேறு யாரையாவது அனுப்பட்டும்.